மக்காச்சோளப் பாம்பு: முதன்முறை வளர்ப்போருக்கு ஏற்ற இனம்

அமெரிக்க ஐக்கிய நாட்டில் முதன்முறையாகப் பாம்பு வளர்க்க விரும்புவோருக்கு அனுபவமுள்ளோர் பெரிதும் பரிந்துரைப்பது, அந்நாட்டின் தென்கிழக்கு மாநிலங்களில் பைன் காடுகளிலும் பாழடைந்த பண்ணைக் கட்டடங்களிலும் எலிகளைத் தேடித் திரியும் மக்காச்சோளப் பாம்பையே ஆகும். 1766இல் லின்னேயஸ் விவரித்த இவ்வினம் நஞ்சற்றது. இரையை உடலால் சுற்றி இறுக்கிக் கொன்று விழுங்குவது. பெரும்பாலும் 3 முதல் 5 அடி நீளமே வளர்வது. ஆரஞ்சு அல்லது பழுப்பு நிற உடலில் கருங்கரையிட்ட செந்நிறத் திட்டுகள் வரிசையாக அமைந்திருக்கும் அதன் தோற்றம் உண்மையிலேயே அழகானது.

பாம்பின் சாதுத்தன்மை என்பது நாயின் பாசத்தைப் போன்றதன்று; மனிதக் கையில் இருக்கும்போது அது அஞ்சாதிருப்பதையே அச்சொல் குறிக்கிறது. பறவைகளுக்கு இரையாகக்கூடிய சிறு குட்டிகள் வாலை அதிரச் செய்து சீறிப் பாய்ந்தாலும், அளவாகவும் மென்மையாகவும் கையாளப்பட்டால் வளர வளர அமைதியடைகின்றன. காட்டில் பிடிக்கப்பட்டவை ஒட்டுண்ணிகளோடு வருவதுண்டு என்பதாலும், வளர்ப்பில் பிறந்தவை உறைநிலையிலிருந்து இளக்கிய எலியைத் தயங்காமல் உண்பதாலும், பின்னவற்றையே தேர்ந்தெடுக்க வேண்டும். மேற்கு, நடு ஆப்பிரிக்காவின் பந்து மலைப்பாம்பும் சாதுவானதே. ஆயினும் மாதக்கணக்கில் இரையை மறுக்கும் அதன் இயல்பு புதியவரைக் கலங்கச் செய்துவிடும். பர்மிய மலைப்பாம்போ 15 அடிக்கும் மேல் வளரக்கூடியது. வளர்ப்பிலிருந்து வெளியேறிய அவ்வினம் புளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தில் பெருகிப் பாலூட்டிகளை அழித்து வந்ததால், 2012இல் அதன் இறக்குமதியை அமெரிக்க அரசு தடைசெய்தது.

மக்காச்சோளப் பாம்பு உடல்வெப்பத்தைச் சூழலிலிருந்தே பெறும் உயிர் என்பதால், பெட்டியின் ஒருபுறம் ஏறத்தாழ 30 பாகை செல்சியசும் மறுபுறம் 24 பாகையும் இருக்குமாறு அமைத்து, இரு பக்கமும் ஒளிந்துகொள்ள மறைவிடம் வைக்க வேண்டும். மிகச் சிறிய இடுக்கு வழியாகவும் நழுவிவிடுமாதலால் மூடி இறுக்கமாகப் பொருந்த வேண்டும். இரை உண்டபின் 2 நாள்களுக்கேனும் பாம்பைத் தொடலாகாது. தொட்டால் உண்டதைக் கக்கக்கூடும். சட்டை உரிப்பதற்கு முன் கண்களை மூடிய செதில் நீலம்பாரித்துப் பார்வை மங்கும் நாள்களிலும், எளிதில் மிரளும் என்பதால், அதைத் தனியே விடுவதே நல்லது.

நன்கு பராமரித்தால் 15 முதல் 20 ஆண்டுகள் வாழும் இப்பாம்பை, சலிப்புற்றபின் வெளியே விட்டுவிட இயலாது. கரீபியத் தீவுகள் சிலவற்றில் அயலினமாக இது ஏற்கெனவே நிலைபெற்றுவிட்டது. இந்தியாவில் பாம்பு வளர்க்க விரும்புவோர் ஒன்றை மறக்கலாகாது: இந்நாட்டின் பாம்புகளுக்கு 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் காவலாக இருப்பதால், சாரைப்பாம்பையோ மண்ணுளியையோ பிடித்து வந்து வீட்டில் வளர்ப்பது இங்கே தண்டனைக்குரிய குற்றமாகும்.