தீட்டுக்கல்லின் சமன்

கதவுநிலையின் துளையிற் செருகிய முளை இறுகாது ஆடியது கண்டு, சென்னீர்குப்பத்துத் தச்சர் ஒருவர் தம் உளியை நொந்துகொண்டார். உளி புதியது, எஃகும் நல்லது. குற்றம் அதனைத் தீட்டிய கல்லின்பாலது.

தீட்டுங்கால் கை பெரும்பாலும் கல்லின் நடுவிலேயே சென்று மீளுதலின், ஓரங்கள் நிற்க நடுவிடம் தேய்ந்து குழிகின்றது. அக்குழிவில் உரைத்த உளியின் முதுகு சிறிதே புடைத்துக்கொள்ளும். துளையின் சுவரைச் செதுக்கும்போது அம்முதுகன்றோ வழிகாட்டுவது? அது புடைப்பின் சுவரும் வளையும்.

கல்லைச் சமனாக்க அதனினும் வன்மை மிக்கதொன்று வேண்டும். தச்சர் கையாள்வது பெரும்பாலும் கார்போரண்டக் கல். 1891-இல் அமெரிக்கரான ஆச்சிசன் அப்பொருளைக் கண்டபோது, கரியுங் கொரண்டமுங் கூடியதெனப் பிழைபடக் கருதி அப்பெயரிட்டார். கொரண்டமோ நம் குருந்தக்கல்! மேலைநாட்டுக் கடைச்சரக்கிலும் தமிழ்ச்சொல் ஒளிந்துகிடத்தல் வியப்பே. 1812-இல் மோஸ் வகுத்த வன்மை வரிசையிற் குருந்தம் 9, வயிரம் 10. கார்போரண்டம் இவ்விரண்டற்கும் இடைப்பட்டது. ஆதலின் எஃகின்மேல் வயிரத்துகளை நிக்கற் பூச்சாற் பதித்த தகடே இதற்கு உரியது.

கல்லின்மேற் பென்சிலால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடிட்டு, நீர்விட்டுத் தகட்டில் தேய்க்க வேண்டும். ஓரக்கோடுகள் முன்னே மறையும். நடுக்கோடும் மறைந்த பின்னரே கல் சமனாயிற்றென்று கொள்ளலாம். அழுத்தித் தேய்த்தால் வயிரத்துகள் பெயரும். நீர் குறைந்தால் சேறு அடைத்துக்கொள்ளும்.

அத்தச்சரின் கல்லில் நடுக்கோடு மறையக் கால்மணி நேரமாயிற்று. பின்னரே உளியின் முதுகைத் தீட்டினார். முன்னர்க் குடைந்த துளைக்கு மட்டும் ஆப்பு வைக்க நேர்ந்தது.