சோறு ஏன் இனிக்கிறது?

ஒரு கவளம் வெறும் சோற்றை வாயில் போடுங்கள். குழம்பு வேண்டாம். உடனே விழுங்காமல் நன்றாக மெல்லுங்கள். கொஞ்ச நேரத்தில் லேசாக இனிக்கும். ரொட்டியை மென்றாலும் அப்படித்தான்.

சர்க்கரை போடவில்லையே? இனிப்பு எங்கிருந்து வந்தது?

எச்சிலில் ஒரு பொருள் இருக்கிறது. அது மாவுச்சத்தை உடைத்துச் சர்க்கரை ஆக்குகிறது. இப்படி உணவை உடைக்கும் பொருளுக்கு நொதி என்று பெயர். மாவு புளிப்பதை 'நொதிக்கிறது' என்பார்கள் அல்லவா? அந்தச் சொல்லில் பிறந்த பெயர் இது.

இரைப்பையில் வேறொரு நொதி இருக்கிறது. அது பருப்பு, முட்டை, மீனில் உள்ள புரதத்தை உடைக்கிறது. பெரிய வேலை நடப்பது சிறுகுடலில்தான். இரைப்பைக்குப் பின்னால் இருக்கும் கணையம் அங்கே நொதிகளை அனுப்புகிறது. மாவு, புரதம், கொழுப்பு மூன்றும் உடைகின்றன. உடைந்த சத்து உடம்பில் சேருகிறது. உடையாத உணவு எவ்வளவு சத்தானது என்றாலும் உடம்பில் ஒட்டாது.

பாலில் உள்ள சர்க்கரையை உடைக்கத் தனி நொதி வேண்டும். கைக்குழந்தைக்கு இது நிறைய இருக்கும். வளர வளரப் பலருக்குக் குறைந்துவிடும். இந்தியாவில் வடக்கை விடத் தெற்கே இந்தக் குறை அதிகம். இவர்கள் ஒரு பெரிய தம்ளர் பால் குடித்தால் வயிறு உப்பும். பேதியும் ஆகலாம். இது நோய் அல்ல. "பால் ஒத்துக்கொள்ளாது" என்று யாராவது சொன்னால், சாக்குச் சொல்வதாகத் திட்ட வேண்டாம். தயிர் கொடுத்துப் பார்க்கலாம். பால் உறையும்போது அந்தச் சர்க்கரையில் ஒரு பகுதியைத் தயிர்க் கிருமிகளே தின்றுவிடுகின்றன.

பேதி ஆன குழந்தைக்கும் சில நாட்கள் இந்த நொதி குறையலாம். அதற்காகத் தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. பல வீடுகளில் நிறுத்திவிடுகிறார்கள். அது ஆபத்து. தாய்ப்பாலோடு ஓ.ஆர்.எஸ். கரைசலும் கொடுக்க வேண்டும். ஆஷா பணியாளரிடம் அந்தப் பொட்டலம் கிடைக்கும். எவ்வளவு தண்ணீரில் கரைப்பது என்று அதன் மேலேயே எழுதியிருக்கும். படித்துப் பார்த்துக் கரையுங்கள். குழந்தை சோர்ந்து கிடந்தாலோ, குடிக்க மறுத்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கடைகளில் செரிமான டானிக் விற்கிறார்கள். வயிறு மந்தம் என்றால் பலர் ஒரு பாட்டில் வாங்கிவிடுகிறார்கள். கணையம் நன்றாக வேலை செய்பவருக்கு வேண்டிய நொதி உடம்பிலேயே சுரக்கிறது. பிறகு எதற்கு வீண் செலவு?

கணையம் கெட்டவர் கதை வேறு. நீண்ட நாள் சாராயம் குடிப்பவருக்கு இப்படி ஆவதுண்டு. மேல்வயிறு வலிக்கும். மலம் எண்ணெய்ப் பசையோடு மிதக்கும். நன்றாகச் சாப்பிட்டும் உடம்பு இளைக்கும். இவருக்கு டாக்டர் நொதி மாத்திரை எழுதிக் கொடுப்பார். அதைச் சாப்பாட்டோடு சேர்த்து விழுங்க வேண்டும். வெறும் வயிற்றில் விழுங்கினால் உடைப்பதற்கு அங்கே உணவே இருக்காது.