செம்பனை ஆலையில் சுரங்க வாயு: எந்த விளக்கை மாட்டலாம்?

பண்டார் பாரு, செர்டாங், கூலிம் வட்டாரச் சாலைகளில் செம்பனைக் குலை ஏற்றிய லோரிக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளாதவர் நம்மில் யாரும் இருக்க முடியாது. அந்தக் குலைகள் போய்ச் சேரும் ஆலைகளில் நம் உறவினர்கள் வேலை செய்கிறார்கள். நம் பள்ளிகளில் படித்து முடித்த பிள்ளைகளும் வேலை செய்கிறார்கள். இரவு ஷிஃப்டில் ஒருவர், கழிவுநீர்க் குளத்துப் பக்கம் ஏதோ சத்தம் கேட்டு, கையிலுள்ள சாதாரண டார்ச் லைட்டை அடித்துப் பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். குளம் திறந்து கிடந்த காலத்தில் அதை யாரும் பெரிதாக நினைத்திருக்க மாட்டார்கள். குளத்தை மூடி வாயுவைச் சேமிக்கும் ஆலையில், வாயு கசியும் நேரத்தில், அந்த டார்ச்சின் சுவிட்ச் ஓர் உயிரை எடுத்துவிடலாம்.

குளம் மூடப்பட்டதும் என்ன ஆயிற்று?

ஒரு டன் செம்பனைக் குலையை ஆலையில் ஆட்டினால் ஏறத்தாழ 0.65 கன மீட்டர் கழிவுநீர் வெளியாகிறது. காற்றுப் படாத குளத்தில் அதை நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது பயோகேஸ் உண்டாகிறது. ஒரு கன மீட்டர் கழிவுநீரிலிருந்து சுமார் 28 கன மீட்டர் வாயு கிடைக்கும். மணிக்கு 30 டன் வீதம் 20 மணி நேரம் ஓடும் ஆலைக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரே நாளில் 10,000 கன மீட்டருக்கு மேல் வருகிறது!

இதில் 60 விழுக்காட்டுக்கு மேல் மெத்தேன். மீதியில் பெரும்பகுதி கரியமிலவாயு. சிறிதளவு ஹைட்ரஜன் சல்ஃபைடும் உண்டு. நூறு ஆண்டுக் கணக்கில் மெத்தேன் கரியமிலவாயுவைப் போல் ஏறத்தாழ 28 மடங்கு பூமியைச் சூடாக்கும். ஆகவே, 2014 ஜனவரி முதல் புதிய ஆலைகளும், உற்பத்தித் திறனை விரிவாக்கும் ஆலைகளும் இந்த வாயுவைப் பிடித்து வைக்கவோ உண்டாகாமல் தவிர்க்கவோ வேண்டும் என்று மலேசிய செம்பனை எண்ணெய் வாரியம் விதித்தது. குளங்களின் மேல் தடித்த பிளாஸ்டிக் விரிப்புகள் வந்தன. எஃகுத் தொட்டிகள் எழுந்தன. வாயுவில் மின்சாரம் எடுக்கும் இயந்திரங்கள் ஓடத் தொடங்கின.

சுற்றுச்சூழலுக்கு இது நன்மை. ஆனால், முன்பு காற்றோடு கலந்து சிதறிப்போன வாயு இப்போது ஓரிடத்தில் திரண்டு நிற்கிறது. காற்றில் மெத்தேன் ஏறத்தாழ 5 முதல் 15 விழுக்காடு வரை கலந்தால் வெடிக்கும். விரிப்பில் ஒரு கிழிசல், குழாய் இணைப்பில் ஒரு கசிவு, பாதுகாப்பு வால்வு ஒரு முறை திறப்பது ஆகியவற்றில் ஏதாவது ஒன்று போதும், அந்த அளவு அருகிலேயே உருவாகிவிடும். மெத்தேன் இலேசான வாயு, மேலே போய்விடும் என்று நம்பிவிடவும் கூடாது. கரியமிலவாயு கலந்த பயோகேஸின் எடை கிட்டத்தட்டக் காற்றின் எடையேதான். அது உடனே விலகிப் போகாது.

இருநூறு ஆண்டுப் பாடம்

நிலக்கரிச் சுரங்கங்களில் எண்ணற்றோரைக் கொன்றதும் இதே மெத்தேன்தான். இங்கிலாந்தின் ஃபெல்லிங் சுரங்கத்தில் 1812 மே 25ஆம் நாள் நடந்த வெடிப்பில் 92 பேர் மாண்டனர். அந்தக் காலத்தில் சுரங்கத்தில் எரிந்தவை மெழுகுவத்தியும் திறந்த சுடர் விளக்கும். அதன்பின் 1815இல் ஹம்ஃப்ரி டேவி ஒரு விளக்கைச் செய்தார். சுடரைச் சுற்றி நுண்ணிய கம்பி வலை, அவ்வளவுதான். வலைக்குள் வாயு எரிந்தாலும், வலையின் உலோகம் வெப்பத்தை உறிஞ்சிவிடும். வெளியே வாயுவைப் பற்றவைக்கும் அளவுக்குச் சுடர் கடந்து போகாது.

ஆனால், கதை அங்கே முடியவில்லை. புது விளக்கை நம்பி, முன்பு வாயு மிகுதி என்று கைவிட்ட பகுதிகளுக்குள்ளும் ஆட்களை இறக்கினார்கள். வலை துருப்பிடித்து ஒரு துளை விழுந்தாலே பாதுகாப்பு போய்விடும். விபத்துகள் தொடர்ந்தன. விளக்கை வாங்கிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்களுக்கு இது இன்றும் பாடம்.

எல்இடி சூடாகாதே, பிறகு என்ன?

பலரும் கேட்கும் கேள்வி இது. எல்இடியில் பழைய பல்பைப் போல் கொதிக்கும் இழை இல்லை என்பது உண்மை. ஆனால், அதற்கு மின்சாரம் கொடுக்கும் டிரைவர் பெட்டி சூடாகும். எல்இடி சில்லின் பின்புறமும் சூடாகும். தளர்ந்த இணைப்பிலும் சுவிட்சிலும் பொறி பறக்கும். மெத்தேனைப் பற்றவைக்க ஏறத்தாழ 0.28 மில்லிஜூல் ஆற்றல் போதும். கதவுப் பிடியைத் தொடும்போது விரலில் சுருக்கென்று நாம் உணரும் நிலைமின் பொறியே ஏறத்தாழ 1 மில்லிஜூல் இருக்கும். எரிபொருள், ஆக்சிஜன், வெப்பம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் தீ என்ற தீ முக்கோணத்தைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். வாயுவும் காற்றும் ஏற்கெனவே அங்கே இருக்கின்றன. மூன்றாவதை நம் விளக்கு கொடுத்துவிடக் கூடாது.

அதற்கென்று செய்யப்படுவதே வெடிப்புக் காப்பு விளக்கு. இதில் பல வகைகள் உண்டு. ஒரு வகையில் தடித்த உலோக உறைக்குள் வாயு புகுந்து வெடித்தாலும் உறை தாங்கிக்கொள்ளும். மூடியும் உடலும் சேரும் மிகக் குறுகிய இடைவெளி வழியே வெளியேறும் சூடான வாயு, அந்த உலோகத்தில் பட்டுக் குளிர்ந்துவிடும். டேவியின் வலை செய்த வேலையை இங்கே அந்த இடைவெளி செய்கிறது. இன்னொரு வகையில், பற்றவைக்கும் அளவுக்கு ஆற்றல் சுற்றுக்குள் எங்கும் சேராதபடி மின்சாரத்தையே கட்டுப்படுத்திவிடுவார்கள். கைவிளக்குகள் பலவற்றில் இந்த முறையைக் காணலாம். 1913இல் வேல்ஸின் செங்கனித் சுரங்கத்தில் 439 தொழிலாளர்கள் இறந்தபோது மின்மணிக் கம்பியின் பொறிமேலும் சந்தேகம் எழுந்தது. அக்காலத்துச் சுரங்க மின்மணி ஆய்வுகளிலிருந்து வளர்ந்ததே இந்த முறை.

தகட்டைப் படியுங்கள்

விளக்கின் உடலில் ஒரு சிறு தகடு இருக்கும். எக்ஸ் என்று தொடங்கும் அந்த எழுத்துகளைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. வாங்குவதற்கு முன் ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்.

முதலாவது, இடம் எது? வாயு எப்போதும் அல்லது நெடுநேரம் இருக்கும் இடம் மண்டலம் 0. வழக்கமான வேலையின்போது அவ்வப்போது வரக்கூடிய இடம் மண்டலம் 1. கோளாறு நேர்ந்தால் மட்டும், அதுவும் சிறிது நேரமே வரக்கூடிய இடம் மண்டலம் 2. இதைக் கடைக்காரர் முடிவு செய்யக் கூடாது. தகுதி பெற்றவர் ஆலையை ஆராய்ந்து வரைபடமாகத் தர வேண்டும். நம் கெடாவின் நெல் ஆலைகளைப் போல் தூசி பறக்கும் இடங்களுக்கு மண்டலம் 20, 21, 22 என்று தனி வரிசையும் தனி வகை விளக்கும் உண்டு.

இரண்டாவது, எந்த வாயு? தகட்டில் ரோமன் எண் இரண்டும், அதையடுத்து ஏ, பி, சி என்ற எழுத்துகளில் ஒன்றும் இருக்கும். ஏ பிரிவில் புரோப்பேன், மெத்தேன் போன்றவை அடங்கும். பி பிரிவுக்கு எத்திலீன் எடுத்துக்காட்டு. சி பிரிவு ஹைட்ரஜனுக்கும் அசிட்டிலினுக்கும் உரியது. பயோகேஸ் பகுதிக்கு ஏ போதும். பேட்டரிகளைச் சார்ஜ் செய்யும் அறையில் ஹைட்ரஜன் வெளியாகும் என்பதால், அங்கே ஆபத்து மண்டலம் என்று குறிக்கப்பட்ட பகுதிக்குச் சி பிரிவு விளக்கு வேண்டும்.

மூன்றாவது, மேற்பரப்பு எவ்வளவு சூடாகும்? டீ1 என்றால் உச்ச அளவு 450 பாகை செல்சியஸ், டீ2 300, டீ3 200, டீ4 135, டீ5 100, டீ6 85. மெத்தேன் தானாகப் பற்றிக்கொள்ள 500 பாகைக்கு மேல் வேண்டும், டீ1 போதும். ஆனால், அதே ஆலையின் ஆய்வகத்தில் எண்ணெயின் அளவைச் சோதிக்கப் பயன்படும் ஹெக்சேன் 240 பாகைக்குக் கீழேயே பற்றிக்கொள்ளும். அங்கே டீ3 அல்லது அதைவிடக் குளிர்ந்த விளக்குதான் பொருந்தும். ஒரே வேலிக்குள் இரண்டு இடங்களுக்கு இரண்டு விதமான தேவை!

நான்காவது, சுற்றுப்புற வெப்பம் எவ்வளவு? தகட்டில் வேறு எதுவும் குறிப்பிடவில்லை என்றால், அந்த விளக்கு 40 பாகை வரைக்கும்தான் சோதிக்கப்பட்டது என்று பொருள். மதிய நேரத்துத் தகரக் கூரையடியிலும் கொதிகலன் பக்கத்திலும் 40 பாகை எளிதில் தாண்டிவிடும். அத்தகைய இடங்களுக்கு 50 அல்லது 55 பாகை என்று தெளிவாகக் குறித்த விளக்கைக் கேளுங்கள்.

ஐந்தாவது, சான்றிதழ் எங்கே? ஐஇசிஇஎக்ஸ் சான்றிதழாக இருந்தால் அதன் எண்ணை இணையத்தில் யாரும் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். தகட்டிலுள்ள மாடலும் சான்றிதழிலுள்ள மாடலும் ஒன்றுதானா என்று ஒப்பிடுங்கள். எண்ணின் முடிவில் எக்ஸ் என்ற எழுத்து இருந்தால், பயன்படுத்தச் சிறப்பு நிபந்தனைகள் உண்டு. சான்றிதழைத் திறந்து அவற்றைப் படிக்க வேண்டும். யூ என்று இருந்தால் அது வெறும் உதிரிப் பாகம். தனியாக மாட்டக் கூடாது.

எங்கே தவறுகிறோம்?

ஐபி 66 என்று போட்ட விளக்கை வெடிப்புக் காப்பு விளக்கு என்று நினைத்து வாங்குவது முதல் தவறு. அந்த எண் தூசியும் தண்ணீரும் உள்ளே போகாது என்று மட்டுமே சொல்கிறது. பழைய சான்று பெற்ற உறைக்குள் மலிவான எல்இடி குழலைச் செருகுவது இரண்டாவது தவறு. உள்ளே இருந்ததை மாற்றிய உடனே அந்தச் சான்று செல்லாமல் போகிறது. நல்ல விளக்கை வாங்கிவிட்டு, கம்பி நுழையும் இடத்தில் சாதாரண பிளாஸ்டிக் கிளாண்டைப் போடுவது மூன்றாவது.

நான்காவதுதான் மிகவும் சாதாரணமாக நடப்பது. மூடியைக் கழற்றிய பிறகு எட்டுப் போல்ட்டில் ஏழை மட்டும் முடுக்கிவிட்டு இறங்கிவிடுவது. மூடி சேரும் பரப்பில் பெயின்ட் அடிப்பதும், அதைக் கம்பித் தூரிகையால் தேய்ப்பதும் அப்படியே. ஆயிரம் வெள்ளி விளக்கை அந்த ஒரு போல்ட் சாதாரண விளக்காக்கிவிடும். பயோகேஸில் உள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடு, செம்பையும் எல்இடிக்குள் உள்ள வெள்ளிப் பூச்சையும் கறுக்கச் செய்து அரிக்கும் என்பதால், சரியாக மாட்டிய விளக்கையும் குறித்த காலத்தில் திறந்து பார்த்தாக வேண்டும். திறக்கும் முன் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும்.

அந்த ஹைட்ரஜன் சல்ஃபைடு நச்சும்கூட. முதலில் அழுகிய முட்டை நாற்றம் வரும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. எந்த விளக்கும் அதிலிருந்து காப்பாற்றாது. தொட்டிக்குள் இறங்கும் முன் வாயு அளக்கும் கருவியால் சோதித்தே ஆக வேண்டும்.

கேட்பது உங்கள் உரிமை

1991 மே 7ஆம் நாள் சுங்கை பூலோவில் பிரைட் ஸ்பார்க்லர்ஸ் பட்டாசு ஆலை வெடித்து 26 பேர் இறந்ததை நம் பெற்றோர் இன்னும் மறக்கவில்லை. அதன்பின் 1994இல் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் வந்தது. 2024 ஜூன் முதல் நடப்புக்கு வந்த திருத்தம் இன்னொன்றையும் சேர்த்திருக்கிறது. உடனடி ஆபத்து இருப்பதாக நம்பத் தக்க காரணம் இருந்து, முதலாளி நடவடிக்கை எடுக்காவிட்டால், தொழிலாளி அந்த இடத்தை விட்டு விலகிக்கொள்ளலாம்.

ஆகவே, உங்கள் வீட்டிலிருந்து ஆலைக்குப் போகிறவரிடம் இன்று இரவு மூன்றே கேள்விகள் கேளுங்கள். வேலை செய்யும் இடத்தின் மண்டல வரைபடத்தைப் பார்த்திருக்கிறாரா? கையில் கொண்டுபோகும் டார்ச்சில் எக்ஸ் குறி இருக்கிறதா? தலைக்கு மேலிருக்கும் விளக்கின் போல்ட்டுகள் எல்லாம் இருக்கின்றனவா? மூன்றில் ஒன்றுக்கேனும் இல்லை, தெரியாது என்று பதில் வந்தால், நாளைக் காலை வேலை தொடங்கும் முன் அவர் மேற்பார்வையாளரிடம் அதைக் கேட்கட்டும்.