மூச்சு விட இடமிருக்கிறதா? பருமனான, கட்டுடல் கொண்ட பெண்களுக்கான முக்குளிப்பு உடை

என் பெரியம்மா மகள் லிங்கி பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். பள்ளிக் காலத்தில் குண்டெறிதல் வீராங்கனை. தோளும் தொடையும் அதற்கேற்றபடி திரண்டிருக்கும். சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் நான்கு பேர் தீவுக்குச் சுற்றுலா போனபோது, ஸ்கூபா முக்குளிப்பு அறிமுகப் பயிற்சிக்கு அக்காவும் பெயர் கொடுத்தார். உடை வாடகைக்குக் கொடுத்தவர்கள் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஆண்களுக்கான பெரிய வெட்சூட் ஒன்றை நீட்டினார்கள். தொடையில் ஏறவே பத்து நிமிடம் ஆனது. முதுகு ஜிப்பை இரண்டு பேர் சேர்ந்து இழுத்து மூடினார்கள்.

5 மீட்டர் ஆழம்கூடப் போயிருக்க மாட்டோம். அக்கா கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். கரையில் அதற்குப் பொருள் 'சரி'. கடலுக்குள் அது 'மேலே போவோம்' என்ற சைகை. படகில் ஏறியதும் அவர் சொன்னது இதுதான்: "மூச்சே இழுக்க முடியலடி. பயந்துட்டேன் போல. எனக்கெல்லாம் இது ஒத்து வராது."

நானும் பயம் என்றுதான் நினைத்தேன். இரண்டு ஆண்டுகள் கழித்து இன்னொரு தீவில், இன்னொரு பயிற்றுநர் அக்காவுக்கு வெட்சூட்டே கொடுக்கவில்லை. நீண்ட கை நீச்சல் சட்டை, முழுக்கால் லெக்கிங்ஸ், வேறு வகை மிதவைச் சட்டை. 40 நிமிடம் கடலுக்குள் இருந்துவிட்டு வந்தார். பெண் மாறவில்லை, உடைதான் மாறியது. நம் பெண்கள் எத்தனை பேர் உடையின் குறையைத் தங்கள் குறையாக எடுத்துக்கொண்டு கரையிலேயே உட்கார்ந்துவிட்டார்களோ தெரியாது. இந்தக் கட்டுரை அவர்களுக்காகத்தான்.

முதலில், அக்காவுக்கு ஏன் மூச்சு முட்டியது? உடம்பு நீரில் மூழ்கியதும் கால்களில் இருக்கும் இரத்தத்தின் ஒரு பகுதி மார்புப் பக்கம் ஏறுகிறது. அந்த நேரத்தில் நெஞ்சுக்கூடு விரிய இடம் வேண்டும். இறுக்கமான உடை அந்த இடத்தை எடுத்துக்கொள்கிறது. மூச்சு சிறிதாகும். சிறிய மூச்சை அடிக்கடி விட்டால் பதற்றம் கூடும், தோம்பில் உள்ள காற்றும் விரைவில் தீரும். கழுத்துப் பட்டி இறுக்கமாக இருந்தால் இன்னும் மோசம். கழுத்தின் இரு பக்கமும் ஓடும் இரத்தக் குழாய்கள் அழுத்தப்பட்டு, நாடித் துடிப்பு குறைந்து தலைசுற்றல் வரலாம், மயக்கமும் வரலாம். கரையில் மயங்கி விழுந்தால் தண்ணீர் தெளித்து எழுப்பலாம். கடலுக்குள் அப்படிச் செய்ய முடியாது. ஆகவே 'கொஞ்சம் இறுக்கம்தான், போட்டுக்கோங்க' என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

இந்த உடைகள் யாரை மனத்தில் வைத்து வெட்டப்பட்டன என்பதையும் பார்க்க வேண்டும். 1943-இல் பிரான்சில் ஜாக் குஸ்தோவும் எமில் காஞானும் தோம்புக் காற்றைத் தேவைக்கேற்ப வாய்க்குக் கொண்டுவரும் ரெகுலேட்டரை உருவாக்கினார்கள். 1950-களின் தொடக்கத்தில் ஹியூ பிராட்னர் என்ற அமெரிக்க இயற்பியலாளர் கடற்படை முக்குளிப்பு வீரர்களுக்காக நியோபிரீன் உடையை வடிவமைத்தார். அந்த வீரர்கள் எல்லாரும் ஆண்கள். 1970-இல் கடலியல் அறிஞர் சில்வியா எர்ல் தலைமையில் ஐந்து பெண்கள் கடலடி ஆய்வுக்கூடம் ஒன்றில் இரண்டு வாரம் தங்கி வேலை பார்த்தார்கள். பெண்களால் முடியும் என்பது அப்போதே தெரிந்துவிட்டது. வாடகைக் கடையின் கொக்கியில் தொங்கும் உடைகளுக்கு மட்டும் அந்தச் செய்தி இன்னும் முழுதாகப் போய்ச் சேரவில்லை.

நியோபிரீன் என்றதும் தோட்டத்து மக்களுக்கு ஒரு செய்தி சொல்லத் தோன்றுகிறது. அது 1930-இல் அமெரிக்காவின் டூபாண்ட் ஆய்வுக்கூடத்தில் பிறந்த செயற்கை ரப்பர். நம் பாட்டிமார் கித்தா மரம் சீவிக்கொண்டிருந்த காலத்தில், அந்தப் பாலுக்கு மாற்றாக வந்த பொருள்களில் ஒன்று. இப்போது சக்கரம் மறுபடி சுழல்கிறது. 2016-இல் பட்டகோனியா நிறுவனம் நியோபிரீனைக் கைவிட்டு, பெரும்பகுதி இயற்கை ரப்பரில் செய்த வெட்சூட்டுகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. காண்டா வாளி தூக்கித் திரண்ட தோள்கள் நம் வீட்டுப் பெண்களுடையவை. அதே தோளுக்கு ரப்பர் உடை பொருந்தவில்லை என்பது வேடிக்கைதான்.

சரி, உடைக்கு வருவோம்.

வெட்சூட் நீரை உள்ளே விடாத உடை என்று பலர் நினைக்கிறார்கள். நீர் உள்ளே வரும். தோலுக்கும் உடைக்கும் இடையில் தங்கும் அந்த மெல்லிய நீர்ப்படலம் உடல் சூட்டில் வெதுவெதுப்பாகிறது. ரப்பருக்குள் இருக்கும் நுண்ணிய வாயுக் குமிழிகள் அந்தச் சூட்டை வெளியே விடாமல் காக்கின்றன. தொளதொளப்பாக இருந்தால் குளிர்ந்த நீர் வந்து போய்க்கொண்டே இருக்கும். அதனால்தான் ஒட்டிய அளவு கேட்கிறார்கள். ஆனால் நம் நாட்டுக் கடல்நீர் பெரும்பாலும் 28 முதல் 30 டிகிரி வெப்பம் கொண்டது. ஓரிரு முறை இறங்கி ஏறுவதற்கு நீச்சல் சட்டையும் லெக்கிங்ஸும் பலருக்குப் போதும். வெயிலுக்கும் சொறிமுட்டைக்கும் பாதுகாப்பு. ஒரே நாளில் மூன்று நான்கு முறை இறங்குவோருக்கும், எளிதில் குளிரெடுப்பவர்களுக்கும் 3 மில்லிமீட்டர் தடிப்புள்ள வெட்சூட் தேவைப்படும்.

அப்படித் தேவைப்பட்டால், மேல் தனி, கீழ் தனி என்று இரண்டு துண்டாக வருவதைத் தேடுங்கள். மார்பு பெரிது, இடுப்பு சிறிது என்றாலும், இடுப்பும் தொடையும் பெரிது, தோள் சிறிது என்றாலும் வெவ்வேறு அளவில் எடுத்துச் சேர்க்கலாம். முன்பக்க ஜிப் உள்ள மேற்சட்டை மார்பு பெருத்தவர்களுக்கு எளிது. ஓட்டம், பளுதூக்குதல், கபடி என்று கெண்டைக்காலும் தொடையும் கட்டியாக இருப்பவர்கள் கணுக்காலில் ஜிப் உள்ளதைப் பார்க்கலாம், அல்லது முழங்காலோடு நிற்கும் குட்டை வெட்சூட்டைப் போட்டு அடியில் லெக்கிங்ஸ் அணியலாம். ஆண்கள் உடையைக் கொடுத்தால் அது எங்கே பிடிக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். தோள் அகலமாகவும், இடுப்பு குறுகலாகவும், உடற்பகுதி நீளமாகவும் அது வெட்டப்பட்டிருக்கும். தோள் மட்டும் அகன்று இடுப்பு ஒடுங்கிய பெண்களுக்கு அது சில வேளை நன்றாகவே பொருந்தும். மற்றவர்களுக்கு மார்பிலும் இடுப்பிலும் பிடித்து, வயிற்றுப் பக்கம் மடிப்பு விழும்.

போட்டபின் மூன்று சோதனை போதும். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துப் பாருங்கள். இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்குங்கள். குந்தி உட்கார்ந்து எழுங்கள். நீரில் உடை சற்று இளகும் என்பது உண்மை. ஆனாலும் கரையில் முழு மூச்சு வரவில்லை என்றால் கழற்றிக் கொடுத்துவிடுங்கள். காலில் ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு நுழைத்தால் உடை வழுக்கிக்கொண்டு ஏறும். நகத்தால் இழுத்தால் ரப்பர் கிழியும்.

அடுத்தது பிசிடி என்று சொல்லப்படும் மிதவைச் சட்டை. காற்றுத் தோம்பை முதுகில் தாங்குவதும், காற்றேற்றினால் நம்மை மிதக்க வைப்பதும் இதுதான். வெட்சூட் இல்லாமல் சமாளிக்கலாம், இது இல்லாமல் முடியாது. எனவே அளவு பார்க்க நேரம் செலவழிக்க வேண்டிய பொருள் இதுவே. வாடகைக்கு அதிகம் கிடைப்பது ஜாக்கெட் வகை. இதில் காற்றுப்பை பக்கவாட்டிலும் வயிற்றைச் சுற்றியும் வரும். கடையில் மாட்டிப் பார்க்கும்போது சரியாக இருக்கும். நீர்மட்டத்தில் மிதக்கக் காற்றேற்றியதும் வயிற்றையும் மார்பையும் நெருக்கும். அதற்காகப் பெரிய அளவு எடுத்தால் தோள் தளர்ந்து, தோம்பு முதுகில் உருளும். ஆகவே மாட்டிப் பார்க்கும்போதே முழுதாகக் காற்றேற்றச் சொல்லி, அதற்குப் பின் மூச்சு விட்டுப் பாருங்கள்.

காற்றுப்பை முழுவதும் முதுகுப் பக்கம் இருக்கும் வகையும் உண்டு. அக்காவுக்கு இரண்டாம் முறை கிடைத்தது அதுதான். முன்பக்கம் வெறும் பட்டைகள் மட்டும். மார்பையோ வயிற்றையோ எதுவும் அழுத்தாது. நீர்மட்டத்தில் மிதக்கும்போது முகத்தை முன்னே தள்ளுவது போலத் தோன்றும், சற்றே பின்னால் சாய்ந்தால் சரியாகிவிடும். பெண்களுக்கென்றே செய்த மிதவைச் சட்டைகளில் தோள்பட்டைகள் மார்பின் மேல் ஏறாமல் வெளிப்புறமாக வளைந்து போகும், முதுகு நீளமும் குறைவு. எதுவானாலும் தோள், மார்பு, இடுப்பு மூன்றிலும் பட்டையை நீட்டிக் குறைக்க முடிகிறதா என்று பாருங்கள்.

இந்த நீட்டிக் குறைக்கும் யோசனை புதிதன்று. கொரியாவின் ஜெஜு தீவில் தலைமுறை தலைமுறையாகக் கடலில் மூழ்கிச் சிப்பியும் நத்தையும் எடுக்கும் ஹென்யோ பெண்கள், ரப்பர் உடை வருவதற்கு முன் பருத்தி உடை அணிந்தார்கள். அதன் ஒரு பக்கம் திறந்திருக்கும், முடிந்து இறுக்கலாம், தளர்த்தலாம். கர்ப்பிணிகளும் அதையே அணிந்து மூழ்கினார்கள். அவர்களின் மரபை 2016-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தது. நம்மவர்களும் இருக்கிறார்கள். தமிழகத்தில் பாம்பன் பக்கம் சின்னப்பாலம் போன்ற ஊர்களில் பெண்கள் கடற்பாசி எடுக்க மூச்சடக்கி மூழ்குகிறார்கள். சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை, விரல்களில் துணிச்சுற்று, காலில் ரப்பர் செருப்பு, கண்ணுக்கு ஒரு கண்ணாடி. அவர்களுக்கென்று யாரும் உடை தைக்கவில்லை, கையில் கிடைத்ததை உடலுக்கேற்பக் கட்டிக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரான லட்சுமி மூர்த்திக்கு 2015-இல் சீகாலஜி விருது கிடைத்தது. 'நம்ம பொம்பளைங்களுக்குக் கடல் எதற்கு' என்று கேட்பவர்களிடம் இதைச் சொல்லலாம்.

எடைப் பட்டையிலும் உடல்வாகு பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். கொழுப்பு கடல்நீரை விட இலேசானது, மிதக்கும். தசை கனமானது, அமிழும். அதனால் பருமனான பெண்ணுக்கு ஈயக்கட்டி சற்றுக் கூடுதலாகவும், கட்டுடல் உள்ளவருக்குக் குறைவாகவும் வேண்டியிருக்கும். இருவரும் ஒரே நிறை காட்டினாலும் ஒரே எடைப் பட்டை பொருந்தாது. பயிற்றுநர் ஆளைப் பார்த்து மதிப்பிட்டுக் கொடுத்தால், இறங்கும் முன் நீர்மட்டத்தில் சோதிக்கச் சொல்லுங்கள். மிதவைச் சட்டையில் காற்றை முழுதும் வெளியேற்றி, சாதாரண மூச்சோடு அசையாமல் நின்றால் நீர் கண் மட்டத்துக்கு வர வேண்டும். தலை முழுதும் மூழ்கினால் எடை அதிகம். அலுமினியத் தோம்பு என்றால், காற்று தீரத் தீர அது இலேசாகும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். பட்டை இடுப்பில் நிற்காமல் வழுக்கினால், மிதவைச் சட்டையின் பையிலேயே ஈயத்தை வைக்கும் வசதி உண்டா என்று கேளுங்கள்.

துடுப்புக் காலணியில் பெரிய சிக்கல் இல்லை. பாதம் அகன்றவர்கள் குதிகால் பக்கம் பட்டை வைத்த வகையை எடுத்தால் போதும். முகக் கண்ணாடிக்கு உடல்வாகு ஒரு பொருட்டே இல்லை, ஆனால் மூக்குத்தி பொருட்டு. காது அடைக்கும்போது மூக்கைப் பிடித்து ஊத வேண்டும், அப்போது திருகாணி குத்தும். முதல் நாள் இரவே கழற்றி வைப்பது நல்லது.

பருமன் ஒன்றே முக்குளிப்புக்குத் தடை ஆகாது. ஆஸ்துமா, இரத்த அழுத்தம், இருதய நோய், நீரிழிவு உள்ளவர்கள் மருத்துவரைப் பார்த்த பிறகே இறங்க வேண்டும். பாடி அமைப்பின் அடிப்படைச் சான்றிதழுக்கு 200 மீட்டர் நீச்சலும் 10 நிமிடம் மிதத்தலும் கேட்கிறார்கள். இடுப்பளவு கேட்பதில்லை.

கிழக்குக் கரைத் தீவுகளில் ஆண்டிறுதிப் பருவமழையின்போது முக்குளிப்பு இருக்காது. தீபாவளி விடுமுறைக்குத் திட்டமிடாதீர்கள். மார்ச் முதல் அக்டோபர் வரை நல்ல காலம். புறப்படும் முன் அளவு நாடாவை எடுத்து உயரம், நிறை, மார்பு, இடை, இடுப்பு, தொடை, கெண்டைக்கால், காலணி அளவு எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். 'எக்ஸ்எல்' என்ற எழுத்தை நம்ப வேண்டாம். ஒரு நிறுவனத்தின் எக்ஸ்எல் இன்னொன்றின் எம் ஆக இருக்கும். சென்டிமீட்டரில் கேளுங்கள். ரவிக்கை தைக்கக் கொடுக்கும்போது தையற்காரம்மா நம்மிடம் 'நீ எந்த சைஸ்' என்று கேட்டதுண்டா? நாடாவைத்தான் எடுப்பார்.

அக்கா இப்போது அப்படித்தான் செய்கிறார். போன தடவை மெர்சிங் படகுத்துறைக்குப் புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே எட்டு அளவுகளையும் எழுதி முக்குளிப்பு மையத்துக்குப் புலனத்தில் அனுப்பினார். முதுகுப் பக்கம் காற்றுப்பை உள்ள மிதவைச் சட்டை உண்டா என்றும் கேட்டிருந்தார். அரை மணி நேரத்தில் பதில் வந்தது: ஒன்றுதான் இருக்கிறது, உங்கள் பெயரில் எடுத்து வைக்கிறோம்.