கூட்டத்தில் ஒரு கோழி குறைந்தபின்

இந்தியக் கிராமங்களின் பொருளாதாரத்தில் கொல்லைப்புறக் கோழி வளர்ப்புக்குத் தனியிடம் உண்டு. 2019-ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்பின்படி, நாட்டிலிருந்த சுமார் 85 கோடி கோழியினப் பறவைகளுள் ஏறக்குறைய 31 கோடியே 70 லட்சம் வீட்டுக் கொல்லைகளில் வளர்க்கப்பட்டவையாகும். ஆயிரக்கணக்கான கோழிகள் உள்ள பண்ணையில் ஒன்று இறந்தால் அது கணக்கேட்டில் ஓர் எண்ணாகப் பதிவாகும். எட்டுப் பத்துக் கோழிகளே உள்ள வீட்டிலோ, ஒன்று குறைந்தாலும் முட்டையிலும் கைச்செலவுப் பணத்திலும் அந்தக் குறை உடனே தெரியும்.

இத்தகைய இழப்பு நேர்ந்த வீடுகளில் கள ஊழியர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளை எதிர்கொள்கின்றனர். எஞ்சிய கோழிகள் சோர்ந்திருப்பதும் முட்டை குறைவதும் துணையை இழந்த ஏக்கத்தாலா என்பது ஒன்று. உடனே வேறொரு கோழியை வாங்கி விடலாமா என்பது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் விடை காண, கோழிக் கூட்டம் எவ்வாறு அமைந்துள்ளது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

கொத்தும் வரிசை

தானியம் தூவப்பட்ட இடத்தில் கோழிகள் கூடும்போது சற்று நேரம் உற்றுநோக்கினால், அவற்றினிடையே ஓர் ஒழுங்கு நிலவுவதைக் காணலாம். ஒரு கோழி மற்றொன்றைக் கொத்தும். கொத்துப்பட்டது எதிர்க்காமல் விலகும். விலகிய கோழி, தனக்குக் கீழ்ப்பட்ட வேறொன்றைக் கொத்தும். நார்வே நாட்டைச் சேர்ந்த தார்லைப் ஷெல்டரூப்-எப்பே என்னும் அறிஞர் சிறுவயது முதலே கோழிகளைக் கூர்ந்து கவனித்து, யார் யாரைக் கொத்துகிறார்கள் என்று குறித்துவந்தார். அவர் கண்ட முடிவுகள் 1922-ஆம் ஆண்டில் ஜெர்மன் மொழியில் வெளிவந்தன. ‘கொத்தும் வரிசை’ என்னும் கருத்து அதன் வழியாகவே விஞ்ஞான உலகில் பரவிற்று.

இவ்வரிசையால் கோழிகளுக்கு நன்மையே விளைகிறது. எது முன்னே உண்ணும், எது பின்னே உண்ணும், இரவில் எது எங்கே அடையும் என்பன முன்னரே தீர்ந்துவிடுவதால், ஒவ்வொரு நாளும் புதிதாகச் சண்டையிட வேண்டிய தேவை இல்லை. பல வேளைகளில் மேல்நிலைக் கோழி தலையை உயர்த்தி ஒரு பார்வை பார்ப்பதே போதுமானது. மற்றது தானே ஒதுங்கிவிடும். இதற்குக் கோழிகள் ஒன்றையொன்று தனித்தனியே அடையாளம் அறிந்திருத்தல் அவசியம். கொண்டை, தாடி, தலையின் அமைப்பு ஆகியவற்றை அருகிலிருந்து பார்த்தே அவை பெரும்பாலும் அடையாளம் காண்கின்றன.

வரிசை என்பது ஏணியின் படிகளைப் போன்றது என்று கருதுவதைவிட, இரண்டிரண்டு கோழிகளுக்கிடையே ஏற்பட்ட உடன்பாடுகளின் தொகுப்பு என்று கொள்வதே பொருந்தும். பத்துக் கோழிகள் உள்ள கூட்டத்தில் 45 இணைகள் உண்டு. ஒவ்வோர் இணையிலும் யார் மேல், யார் கீழ் என்பது தனித்தனியே முடிவாகியிருக்கும். சில கூட்டங்களில் முதற்கோழி இரண்டாவதை அடக்க, இரண்டாவது மூன்றாவதை அடக்க, அந்த மூன்றாவதோ முதற்கோழியையே அடக்கும் முக்கோண நிலையும் காணப்படும்.

ஒன்று குறைந்தால் மாறுவது என்ன?

பத்தில் ஒரு கோழி மறைந்தால், அது பங்குகொண்டிருந்த 9 இணைகள் மறைகின்றன. மீதமுள்ள 36 இணைகள் அப்படியே நிலைத்திருக்கின்றன. எஞ்சிய ஒன்பது கோழிகளும் ஒன்றையொன்று முன்னரே அறிந்தவை. அவற்றிடையே புதிதாகத் தீர்க்கவேண்டிய வழக்கு ஏதுமில்லை. இழப்புக்குப்பின் கூட்டம் பெரும்பாலும் அமைதியாகவே தன்னைச் சரிப்படுத்திக்கொள்வதற்கு இதுவே காரணம்.

மறைந்தது முதலிடத்துப் பெட்டையானால், இரண்டாமிடத்துப் பெட்டை சண்டையின்றியே தீனித் தட்டில் முந்தி நிற்கும். மற்றவற்றை அது முன்னரே அடக்கியிருந்தது. மறைந்தது முக்கோணத்தில் ஒன்றாயின், வரிசை முன்னிலும் நேராகிவிடும். கடைசியிடத்துக் கோழி மறைந்தால், அதற்கு முன்னிருந்தது இப்போது கடைசிக்கு வந்துவிடுகிறது. அனைத்தின் கொத்தும் வாங்கி, திருப்பிக் கொத்த எதுவுமில்லாத நிலை இனி அதனுடையது. அதன் கழுத்திலும் முதுகிலும் இறகு உதிர்கிறதா, தீனி அதற்கு எட்டுகிறதா என்பதைக் கவனித்து, தீனியை இரண்டு இடங்களில் வைத்தல் நலம்.

சேவலின் இழப்பு சற்று வேறுபட்டது. பருந்து வானில் தோன்றும்போது ஒருவகையாகவும், நாயோ பூனையோ தரையில் வரும்போது வேறுவகையாகவும் சேவல் எச்சரிக்கைக் குரல் கொடுக்கிறது. இரை கண்டால் பெட்டைகளைக் கூப்பிடுவதும் உண்டு. சேவல் இல்லாத கொல்லையில் பருந்துக்கும் கீரிக்கும் எதிரான காவல் தளர்ந்துவிடுவதால், சில நாட்களுக்குக் கோழிகளைக் கண்பார்வையில் மேயவிடுதல் வேண்டும். சேவல் இல்லாவிடில் பெட்டைகள் முட்டையிடமாட்டா என்று சிலர் எண்ணுவது தவறு. முட்டை தொடர்ந்து கிடைக்கும். ஆயின் அது நாளடைவில் குஞ்சு பொரிக்கும் தன்மையை இழக்கும். பெட்டையின் உடலில் விந்தணுக்கள் சில காலம் தங்கியிருப்பதால், சேவல் மறைந்தபின்னும் ஏறத்தாழ இரண்டு வாரங்கள் வரை இட்ட முட்டைகளை அடைவைத்துப் பார்க்கலாம். கூட்டத்தில் இளஞ்சேவல்கள் இரண்டு இருப்பின், இழந்த இடத்துக்கு அவை போட்டியிடக் கூடும்.

குஞ்சுகளுடன் கூடிய தாய்க்கோழி இறந்தால் தாமதம் கூடாது. இளங்குஞ்சுகளுக்குத் தம் உடற்சூட்டைக் காத்துக்கொள்ளும் ஆற்றல் இல்லை; முதல் வாரத்தில் அவற்றுக்குச் சுமார் 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவை. பிற பெட்டைகள் அவற்றைக் கொத்திக் காயப்படுத்துவதும் உண்டு. பிறந்து சில நாட்களேயான குஞ்சுகளை, அதே பருவக் குஞ்சுகளையுடைய வேறொரு தாயின் இறகினடியில் இரவில் வைத்தால் அது பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். அதற்கு வழியில்லையேல், கூடையினுள் மின்விளக்கின் வெப்பத்தில் காத்தல் வேண்டும்.

சோர்வு ஏக்கமா, நோயா?

கோழிக்கு உணர்ச்சியே இல்லை என்று கூறுவதற்கில்லை. குஞ்சுகளின்மேல் திடீரெனக் காற்று ஊதப்பட்டபோது, அதைக் கண்ட தாய்க்கோழியின் இதயத்துடிப்பு அதிகரித்ததையும், அது விழிப்புற்று நின்று குரல் கொடுத்ததையும் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் 2011-இல் வெளியிட்டனர். நாள்தோறும் கூடவே மேய்ந்த கோழி காணாமற்போனால் மற்றவை குரல் கொடுப்பதும், வழக்கமான இடத்தைச் சுற்றிவருவதும் வியப்பன்று. நாயோ மரநாயோ தாக்கிய இரவுக்குப்பின் கோழிகள் கூட்டுக்குள் செல்லத் தயங்குவதும், அச்சத்தால் முட்டை குறைவதும் உண்டு. இரண்டே கோழிகளில் ஒன்று இறந்தால், கூட்டமாக வாழும் இயல்புடைய மற்றது தனித்து அலைந்து கூவும்.

ஆயினும், எஞ்சிய கோழிகளின் சோர்வை ஏக்கம் என்று சொல்லி விட்டுவிடுவதில் பெரும் அபாயம் இருக்கிறது. துணையை இழந்த கோழி குரல் கொடுத்தாலும் தானியத்தைக் கண்டால் ஓடிவரும், நீர் பருகும், கண் தெளிவாக இருக்கும். நோயுற்ற கோழியோ இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் நிற்கும்; தீனியை மறுக்கும்; கொண்டை நிறம் மாறும். பச்சையும் வெண்மையும் கலந்த கழிச்சல், வாய் திறந்து மூச்சு வாங்குதல், கழுத்து முறுகுதல், கால் இறக்கை செயலிழத்தல் ஆகியவை வெள்ளைக் கழிச்சல் நோயின் அறிகுறிகள். குமாவுன் மலைப்பகுதியிலுள்ள ராணிக்கெட்டில் 1920-களில் கண்டறியப்பட்டதால் அது ராணிக்கெட் நோய் என்றே பெயர்பெற்றது. தடுப்பூசி போடப்படாத கொல்லைக் கூட்டத்தை அது ஒரு வாரத்திற்குள் அழித்துவிடக் கூடும்.

இங்கே வீட்டார் செய்யும் ஒரு பிழையைக் குறிப்பிடல் வேண்டும். ஒன்றிரண்டு கோழிகள் இறந்ததும், மீதமுள்ளவையும் போய்விடுமோ என்று அஞ்சி, அவற்றை அவசரமாகச் சந்தையில் விற்றுவிடுகின்றனர். நோய்க்கூறு உடலில் புகுந்தும் வெளியே தெரியாத கோழிகள் இவ்வாறு வேறு கிராமங்களுக்கு நோயைக் கொண்டுசெல்கின்றன. காரணம் தெரியாத இறப்புக்குப்பின் இரண்டு மூன்று வாரங்களுக்கு எஞ்சிய கோழிகளை விற்காமலும், பிற வீட்டுக் கோழிகளுடன் கலவாமலும் வைத்தல் அவசியம். நோயால் இறந்த கோழியை உண்ணலாகாது. பல கோழிகள் ஒரே சமயத்தில் இறப்பின், வெறுங்கையால் தொடாமல், கால்நடை மருத்துவருக்கு உடனே தெரிவித்தல் வேண்டும். 2006-ஆம் ஆண்டில் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் முதன்முதலாக இந்தியாவில் கண்டறியப்பட்டது முதல் இவ்வெச்சரிக்கை இன்றியமையாததாகிவிட்டது.

புதிய கோழியைச் சேர்த்தல்

இழந்ததன் இடத்தில் மறுநாளே புதியதொன்றை விடுவது, இழப்பைவிடப் பெரிய குழப்பத்தை உண்டாக்கும். ஒன்பது கோழிகளிடையே புதியவள் ஒருத்தி நுழைந்தால் 9 புதிய இணைகள் தோன்றுகின்றன. அவற்றில் ஒன்றுகூட முடிவாகாதது. ஒவ்வொன்றும் கொத்தாலோ சண்டையாலோ தீர்க்கப்பட வேண்டும். சிக்காகோ பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கூல், ஆலி என்னும் அறிஞர்கள் 1944-இல் வெளியிட்ட ஆராய்ச்சி இதனைத் தெளிவாக்கிற்று. உறுப்பினர் அடிக்கடி மாற்றப்பட்ட கூட்டங்களில் கொத்தல் மிகுந்திருந்தது. மாறாத கூட்டங்களின் கோழிகள் அதிகம் உண்டன, எடை கூடின, முட்டையும் மிகுதியாக இட்டன.

புதிய கோழிகளை இரண்டு மூன்று வாரங்கள் தனியே வைத்து, நோயற்றவை என்று உறுதி செய்துகொள்ளுதல் முதற்கடமை. பின்னர் ஒரு வாரம் வலைத்தடுப்புக்கு அப்பால், பழைய கோழிகள் பார்க்கும்படி வைத்தல் வேண்டும். தனியொன்றாக விடாமல் இரண்டு மூன்றாக விட்டால் கொத்து ஒன்றின்மேலேயே விழாது. இரவில் அவை அடைந்தபின் சேர்ப்பதும், தீனியும் நீரும் பல இடங்களில் வைப்பதும், ஒதுங்கி நிற்க மறைவிடம் அமைப்பதும் நற்பயன் தரும். இறகுதிர்க்கும் பருவத்திலுள்ள கோழி முதற்சண்டையில் தோற்பது இயல்பாதலால், அப்பருவத்தில் சேர்க்காமலிருத்தல் நன்று. சிகிச்சைக்காகச் சில வாரங்கள் பிரித்துவைக்கப்பட்ட கோழியும் திரும்பும்போது புதியதாகவே கருதப்படலாம். அதற்கும் இம்முறைகளே பொருந்தும்.

பள்ளிகளில் ஒரு பயிற்சி

நாட்டுக்கோழிகள் நிறத்தால் ஒன்றுக்கொன்று வேறுபடுவதால், அடையாள வளையம் ஏதுமின்றியே மாணவர் இவ்வொழுங்கை ஆராய இயலும். கட்டங்கள் வரைந்து, மேலும் பக்கவாட்டிலும் கோழிகளின் பெயர்களை எழுதிக்கொள்ள வேண்டும். காலையில் ஒரு பிடி தானியம் தூவி, இருபது நிமிடங்கள் தொலைவிலிருந்து நோக்கி, எது எதைக் கொத்தியது, எது விலகியது என்று குறிக்க வேண்டும். சில நாட்களில் பெரும்பாலான இணைகள் நிரம்பிவிடும். பின்னர் ஒரு கோழி விற்கப்பட்டாலோ இறந்தாலோ, அதன் கட்டங்களை அடித்துவிட்டு, மீதமுள்ளவை மாறினவா என்று ஒப்பிடலாம். பயிற்சிக்கென்று எந்தக் கோழியையும் பிரித்தல் கூடாது. நோயுற்றவற்றை மாணவர் அணுகவும் கூடாது. n கோழிகளுக்கு n(n−1)/2 இணைகள் என்னும் கணக்கும் இதிலிருந்தே எளிதில் விளங்கும்.

ஒரு கோழியை இழந்த கூட்டம் தன் உள்ளொழுங்கைத் தானே காத்துக்கொள்ளும். அதற்குச் சில நாட்கள் அமைதியும், தீனியும், காவலும் போதும். அக்கூட்டத்தால் தன்னைத்தானே காத்துக்கொள்ள முடியாதது நோயிலிருந்து மட்டுமே. ஆகவே, இழப்பு நேர்ந்த வீட்டுக்குச் செல்லும் ஊழியர், வேறொரு கோழி வாங்குவது பற்றிப் பேசுமுன், இறந்தது எவ்வாறு இறந்தது என்பதை விசாரித்தறிதல் வேண்டும்.