முதல் குண்டுக்கு முன்

உள்நாட்டுப் போர்களைப் பற்றிய விவாதங்களில் 'மொதல்ல சுட்டது யாரு?' என்ற கேள்வி தவறாமல் வந்து நிற்கிறது. இந்தக் கேள்வி அப்பாவித்தனமானதல்ல. அமெரிக்க உள்நாட்டுப் போரை முன்வைத்து இதைப் பார்க்க விரும்புகிறேன்.

அடிமைமுறையைக் காப்பாற்ற 1860 டிசம்பர் 20இல் தென் கரோலினா நாட்டிலிருந்து விலகியது. சார்ல்ஸ்டன் துறைமுக வாயிலிலிருந்த சம்டர் கோட்டையில் மட்டும் மத்திய அரசின் சிறு படை தங்கியிருந்தது. அதற்கு ஆளும் பொருளும் கொண்டுவந்த கப்பலை 1861 ஜனவரி 9இல் தென் கரோலினாக்காரர்கள் பீரங்கியால் சுட்டார்கள். கப்பல் திரும்பிப் போயிற்று; போர் வரவில்லை. அதே துறைமுகத்தில் ஏப்ரல் 12 விடியற்காலை 4.30க்குச் சுட்டபோது போர் வந்துவிட்டது. என்ன வித்தியாசம்?

ஜனவரியில் பதவி முடியப்போகும் ஜனாதிபதி ஒருவர் பேசாமலிருந்தார். ஏப்ரலில் எதிரெதிரே இரண்டு அரசுகள் நின்றன. விலகிய மாநிலங்கள் பிப்ரவரியில் தனிக் கூட்டமைப்பாகியிருந்தன. மார்ச்சில் லிங்கன் பதவியேற்றிருந்தார். கோட்டைக்கு உணவு மட்டும் அனுப்புகிறேன், தடுக்காவிட்டால் ஆயுதம் வராது என்று லிங்கன் முன்கூட்டியே தகவல் சொல்லிவிட்டார். விட்டுவிட்டால் கோட்டை தங்களுடையதல்ல என்றாகும். சுட்டால் முதல் பழி வந்து சேரும். கூட்டமைப்பு சுட்டது.

சுமார் 34 மணி நேரக் குண்டுவீச்சில் ஒருவரும் சாகவில்லை. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோரைத் தின்ற போரின் தொடக்கம் இது. தாக்குதல் செய்த வேலை வேறு: நடுவில் நிற்பதற்கு இடமில்லாமல் பண்ணியது. ஏப்ரல் 15இல் லிங்கன் 75,000 பேரைப் படைக்கு அழைத்தார். அந்த மாதத் தொடக்கத்தில் பிரிவினைத் தீர்மானத்தைத் தோற்கடித்திருந்த வர்ஜீனியா மாநாடு, 17ஆம் தேதி அதை நிறைவேற்றியது. ஆர்கன்சா, டென்னசி, வட கரோலினா பின்தொடர்ந்தன. 'போறவங்க போகட்டும்' என்றிருந்த வடக்கத்தியர் பலரும் கொடியின் கீழ் திரண்டார்கள். ஆக, ஒரு குண்டு முதல் குண்டாவது அதற்குக் கிடைக்கும் பதிலால்தான்.

இந்தக் கதையாடலின் மௌனத்துக்கு வருகிறேன். 1860இல் தென் கரோலினாவின் ஏழு லட்சம் மக்களில் நாலு லட்சம் பேர் அடிமைகள். சவுக்கும் ஏலமும் குடும்பங்களைப் பிய்த்து விற்பதும் அவர்களுக்கு அன்றாடம். சட்டம் இதற்கு அமைதி என்று பெயர் வைத்திருந்தது. அடிமைமுறை இருக்குமிடத்தில் அதில் தலையிடமாட்டேன் என்றுதான் லிங்கனும் பதவியேற்பு உரையில் சொன்னார். போரின் பொருளை மாற்றத் தொடங்கியவர்கள் அடிமைகளே. 1861 மே மாதம், பீரங்கி மேடை கட்ட வைக்கப்பட்டிருந்த மூன்று பேர் வர்ஜீனியாவிலுள்ள மன்றோ கோட்டைக்குத் தப்பி வந்தார்கள். தளபதி பட்லர் அவர்களைத் திருப்பித்தர மறுத்தார். பிறகு ஆயிரக்கணக்கில் வந்தார்கள்.

சுட்டவர்கள் குற்றமற்றவர்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. அவர்கள் சுட்டதே அந்த 'அமைதி'யைக் காப்பாற்றத்தான். ஆனால் முதல் குண்டிலிருந்து வரலாற்றைத் தொடங்குகிறவர், அதற்கு முந்தைய நாள் வரை எல்லாம் நன்றாயிருந்தது என்று கையெழுத்துப் போட்டுவிடுகிறார். நாம எதுக்குப் போடணும்?