ஆடியில் ஃபிரேம் பழகலாம்

ஆனியின் கடைசி முகூர்த்தத்தோடு மண்டபங்கள் அடங்கிவிடும். ஜூலை நடுவில் ஆடி பிறந்து, ஆகஸ்ட் நடுவில் ஆவணி வரும்வரை கல்யாண போட்டோகிராபருக்குப் பெரிய ஆர்டர் இருக்காது. ஆல்பம் டிசைன், கேமரா சர்வீஸ், பாக்கி வசூல் எல்லாம் போகவும் கையில் நேரம் மிஞ்சும். அந்த நேரத்தில் கம்போசிஷன் பழகுங்கள் என்பேன். புது லென்ஸ் வாங்குவதைவிட அது நிச்சயம் பலன் தரும்.

மண்டபத்தில் அதைப் பழக முடியாது. கெட்டிமேளம் கொட்டி அட்சதை விழும் அந்தச் சில நொடிகளில் ஃபிரேமை யோசிக்க நேரம் ஏது? கால் தானாக ஓரடி நகர வேண்டும், கை தானாகக் கேமராவை இறக்க வேண்டும். அசையாத, அவசரப்படுத்தாத ஒரு பொருளின் முன்னால் நின்று பழகினால்தான் அது வரும்.

அதற்கு வீட்டுச் சாமான்களே போதும். பால் ஸ்ட்ராண்ட் 1916-ல் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் தங்கியிருந்தபோது சமையலறைக் கிண்ணங்களை வைத்தே படமெடுத்தார். அந்தப் படங்கள் போட்டோகிராபி வரலாற்றில் இன்றும் பேசப்படுகின்றன. எட்வர்ட் வெஸ்டன் 1930-ல் எடுத்த ‘பெப்பர் நம்பர் 30’ படத்தில் இருப்பது ஒரே ஒரு குடைமிளகாய். அதை ஒரு தகரப் புனலின் வாய்க்குள் வைத்து எடுத்தார். புனலின் உட்புறம் மிளகாயின் மேல் வெளிச்சத்தைத் திருப்பிவிட்டது, பின்னணியில் கண்ணை இழுக்க வேறெதுவும் இல்லாமலும் செய்தது.

நீங்கள் மூன்று எவர்சில்வர் டம்ளர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஜன்னலோரமாக ஒரு மேஜை. டியூப் லைட்டை அணைத்துவிடுங்கள். 50 எம்எம் அல்லது 35 எம்எம் லென்ஸ் போதும். ஜூம் லென்ஸ்தான் இருக்கிறதென்றால் ஒரே இடத்தில் நிறுத்திவிட்டு, வளையத்தைத் தொடாதீர்கள்.

இரண்டு டம்ளர்களை முன்னால், நடுவே விரல் நுழையும் இடைவெளி விட்டு வையுங்கள். அவர்கள் பெண்ணும் மாப்பிள்ளையும். மூன்றாவதை ஒரு சாண் பின்னால் வையுங்கள். அது முடிச்சுப் போடக் காத்திருக்கும் நாத்தனார். கேமராவை டம்ளர் உயரத்துக்கே இறக்கிப் பார்த்தால் நாத்தனார் பெரும்பாலும் மறைந்துபோவார். நாலு விரற்கடை உயர்த்தினால் விளிம்பு மட்டும் எட்டிப் பார்க்கும். இன்னும் உயர்த்தினால் மூவரும் தனித்தனியாகத் தெரிவார்கள், ஆனால் மேஜைப் பரப்பு படத்தில் பாதியைத் தின்றுவிடும். இப்போது உயரத்தை மாற்றாமல் வலப்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக நகருங்கள். பின்னால் இருப்பது ஓரிடத்தில் ஒளியும், ஓரிடத்தில் முன்னதன் விளிம்பை உரசி நிற்கும், இன்னோரிடத்தில் தெளிவாகப் பிரியும்.

இந்த மூன்றில் உரசுவதுதான் மோசம். எது முன்னால், எது பின்னால் என்று கண்ணுக்குப் பிடிபடாது. ஒன்று, நன்றாக மறைய விடுங்கள். இல்லையென்றால் இடைவெளி விடுங்கள். தாலி கட்டும் படங்களில் பாதி இந்த ஒரு காரணத்தால்தான் குழம்புகின்றன. மாப்பிள்ளையின் மூக்கு நுனியை யாரோ ஒருவரின் தோள் தொட்டுக்கொண்டிருக்கும். பெண்ணின் தலைக்கு மேல் பந்தல் கம்பு முளைத்திருக்கும். ஒரு சாண் நகர்ந்திருந்தால் போதும்.

அடுத்தது தூரம். ஒரே அளவுள்ள இரண்டு டம்ளர்களில் ஒன்றை முன்னாலும் மற்றதை அதற்கு 4 அடி பின்னாலும் வையுங்கள். முன் டம்ளரிலிருந்து 2 அடியில் நின்று எடுத்தால், பின்னது அதில் மூன்றில் ஒரு பங்கு உயரமாகத் தெரியும். 8 அடிக்குப் போய் எடுத்தால் மூன்றில் இரண்டு பங்காக வளர்ந்திருக்கும். எந்த லென்ஸ் போட்டாலும் இந்தக் கணக்கு மாறாது. நீங்கள் நிற்கும் இடம்தான் அதைத் தீர்மானிக்கிறது. லென்ஸ் எவ்வளவு பரப்பை உள்ளே எடுப்பது என்பதை மட்டும் தீர்மானிக்கும். மேடையின் பூ அலங்காரம் தம்பதிக்குப் பின்னால் பெரிதாக எழும்பி நிற்க வேண்டுமா? பின்னால் போய் 85 எம்எம் போடுங்கள். சின்னதாக ஒதுங்க வேண்டுமா? கிட்டே போய் 35 போடுங்கள், ஆனால் அப்போது பக்கவாட்டில் நிற்பவர்களும் உள்ளே வந்துவிடுவார்கள்.

அதனால் ஒவ்வொரு முறையும் பட்டனை அழுத்தும் முன் நாலு ஓரங்களையும் கண்ணால் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். ஆரம்பநிலை டிஎஸ்எல்ஆர்கள் பலவற்றின் வியூஃபைண்டர் படத்தில் சுமார் 95 சதவீதத்தையே காட்டும். அங்கே தெரியாத ஸ்விட்ச் போர்டு படத்தின் ஓரத்தில் வந்து உட்காரும். வீட்டில் லைவ் வியூவை வைத்துச் சரிபார்த்தால் உங்கள் கேமரா எவ்வளவு மறைக்கிறது என்று தெரிந்துவிடும்.

மூன்றில் ஒரு பங்கு விதியைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். 1797-ல் ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கிலேய ஓவியர் நிலக்காட்சி ஓவியங்களைப் பற்றி எழுதும்போது அந்தப் பெயரைக் கொடுத்தார். தொடங்குபவர்களுக்கு அது கைகொடுக்கும். ஆனால் இருபுறமும் வாழைமரம், நடுவில் மணமேடை என்று அமைந்த இடத்தில் தம்பதியை ஓரத்துக்குத் தள்ளுவது எனக்கு ஒருபோதும் ஒப்பவில்லை. பூஜையறை வாசலில் குத்துவிளக்கை வைத்து, நட்டநடுவிலும் ஓரத்திலும் எடுத்துப் பாருங்கள். நிலைப்படி இருபக்கமும் சமமாக நிற்கும்போது நடுவே கம்பீரம் தரும். ஒரு பக்கம் ஜன்னல் வெளிச்சமும் மறுபக்கம் இருட்டும் என்றால் விளக்கு இருட்டின் பக்கம் ஒதுங்கி, வெளிச்சத்தைப் பார்த்து நிற்பது நன்றாக இருக்கும்.

டம்ளர்களில் கை படிந்ததும் வீட்டு மனிதர்களை உட்கார வையுங்கள். அம்மாவும் அக்காவும் பூத்தொடுக்கும்போது கைகளை மட்டும் எடுங்கள். பிறகு முகமும் கையும் சேர்த்து எடுங்கள். எடுத்தவற்றை அன்றே கம்ப்யூட்டரில் ஆல்பத்தின் இரட்டைப் பக்க அளவில் போட்டு, நடு மடிப்பு விழும் இடத்தில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். அந்தக் கோடு யாருடைய முகத்திலாவது விழுந்தால், மறுநாள் அதே ஜன்னலில் அதே படத்தை ஓர் ஓரமாக இடம் விட்டு மறுபடி எடுங்கள்.